காலியாகாத உப்புப் பானை

அத்தியாயம் 7

புதுச்சேரியிலிருந்து போன் வந்தபோது பகலவன் இரண்டாவது மசால் வடையைக் கையில் எடுத்திருந்தான். போனைக் காதில் வைத்த செந்தமிழ்ச்செல்வியின் முகம் போன போக்கைப் பார்த்ததும் வடையைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டான். எடுத்த வடையைத் திரும்ப வைக்கிற ஆள் இல்லை அவன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் இருக்கிறது செந்தமிழ்ச்செல்வியின் துப்பறியும் அலுவலகம். அரசாங்கத் தடய அறிவியல் கூடத்தில் இருபது வருஷம் வேலை பார்த்து, மேலதிகாரியோடு ஒத்துப்போகாமல் ராஜினாமாக் கடிதத்தை மேஜையில் எறிந்துவிட்டு வந்தவர். பகலவன் களமருதூர்க்காரன், ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன். வண்டியை விட்டு இறங்கி மூன்று வருஷமாகியும் வாய் மட்டும் சைரனை அணைக்கவில்லை. இவர்களிடம் வழக்கமாக வருவதெல்லாம் கல்யாண விசாரணைதான். மாப்பிள்ளை குடிப்பாரா, பெண் வீட்டு நிலத்தில் வில்லங்கம் உண்டா. சாவு வந்தது இதுதான் முதல் தடவை.

அதுவும் இரண்டு சாவு.

ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் நமக்கு வேண்டாம். அங்கே டயாலிசிஸுக்கு வருகிறவர்களுக்குக் கழுத்தில் ஒரு குழாய் போட்டிருப்பார்கள். மூன்று மாதத்தில் அப்படிக் குழாய் போட்ட ஐந்து பேருக்குக் காய்ச்சல். மெஷினோடு சேர்த்த அரை மணியில் குளிரில் உடம்பு தூக்கித் தூக்கிப் போடும். மருந்து ஏற்றினால் அடங்கும். அடுத்த தடவை வந்து படுத்தால் மறுபடி குளிர். ரிட்டயர்டு வாத்தியார் ராஜாங்கம் முதலில் போனார். அடுத்தது கொளஞ்சியப்பன், மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்கியவர். மற்ற மூன்று பேர் இன்னும் படுக்கையில் கிடந்தார்கள்.

பழி விழுந்தது மணிமொழி மேல். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து நர்ஸ் வேலை பார்த்த இருபத்தாறு வயசுப் பெண், டயாலிசிஸ் பிரிவுக்கு வந்தே நாலு மாசம்தான். ஐந்து பேருக்கும் குழாய்க் கட்டு மாற்றியது அவள்தான். ஊர்த் திருவிழாவுக்காக லீவு போட்டு அவள் மலைக்குப் போன பன்னிரண்டு நாளும் புதிதாக ஒருத்தருக்கும் காய்ச்சல் இல்லை. அவள் திரும்பி வந்தாள், காய்ச்சலும் கூடவே வந்துவிட்டது. நிர்வாகத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? கை கழுவாமல் வேலை செய்தாள் என்று எழுதி, வேலையிலிருந்து நிறுத்தி, போலீசுக்கும் ஒரு நகல் அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு விசாரணை. அது முடிந்த கையோடு கைது என்று இன்ஸ்பெக்டர் சிவசங்கர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். இன்றைக்கு செவ்வாய்.

இந்தக் கேஸைக் கொண்டுவந்தது மணிமொழி அல்ல. செத்துப்போன கொளஞ்சியப்பனின் மனைவி கண்ணகி. அதே ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்ப்பவள். காரியம் முடிந்த மறுநாளே மாடிப்படி ஏறி வந்துவிட்டாள்.

"அந்தப் பொண்ணு இல்ல மேடம். அது கை எனுக்குத் தெரியும். எம் புருஷன கொன்னது இன்னான்னு நீங்க கண்டுபுடிச்சி குடுங்க. யாரா இருந்தாலும் சரி, எங்கிட்ட ஒளிக்காம மூஞ்சிக்கு நேரா சொல்லணும்" என்றாள்.

சொல்வதாக செந்தமிழ்ச்செல்வி வாக்குக் கொடுத்திருந்தார்.

"இன்னா மேடம், புதுச்சேரில இன்னா சொல்றாங்க?" என்றான் பகலவன்.

"ஆஸ்பத்திரி டயாலிசிஸ் டாக்டர் ஜீவா நமக்காக அனுப்பின மூணு குழாய் நுனியிலயும் ஒரே கிருமிதான். ஆனா ஆஸ்பத்திரி லேப் எழுதின சூடோமோனாஸ் இல்ல. இதுக்குப் பேரு பர்க்ஹோல்டேரியா."

"பேரக் கேட்டா பேக்கரி மாதிரி இருக்குது."

"ரெண்டும் பாக்கறதுக்கு ஒண்ணுபோல இருக்கும். சின்ன லேப்ல ஏமாந்துடுவாங்க. புதுச்சேரி காலேஜ்ல இருக்கிற மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்கிட்ட அந்தப் பாச்சா பலிக்காது. வளர்த்த கிருமிய ஒரு பொட்டு வெச்சு லேசர் அடிச்சா, அதோட புரதமெல்லாம் பிச்சிக்கிட்டு ஓடும். லேசானது முதல்ல போய்ச் சேரும், கனமானது கடைசியில. எது எப்போ வந்ததுங்கற வரிசைய வெச்சு மெஷின் ஆளைச் சொல்லிடும்."

"ஓ, திருக்கோவிலூர் பஸ்ஸுல இருந்து எறங்குற மாதிரி. ஒல்லி ஆளு மொதல்ல குதிச்சிடுவான், மூட்டையோட வர்றவங்க கடைசி. எறங்குறவங்கள பாத்தே எந்த ஊரு பஸ்னு சொல்லிடலாம்."

"அதேதான்."

"அப்ப நல்ல சேதிதான மேடம்? லேப் ரிப்போர்ட்டே தப்புன்னா கேஸும் தப்புதான?"

"இந்தக் கிருமி எங்க இருக்கும் தெரியுமா? ஈர மண்ணுல, ஓடைத் தண்ணியில, சுனையில."

பகலவன் வடைத் தட்டை ஓரமாகத் தள்ளினான். சுனையும் ஓடையும் ஈர மண்ணும் எங்கே இருக்கின்றன? மணிமொழியின் ஊரில். மலையிலிருந்து கையில் கொண்டுவந்தாள் என்று நிர்வாகம் மேளம் அடித்துக் கொண்டாடும். அவளைக் காப்பாற்றப் போய், கயிற்றை இன்னும் இறுக்கியாகிவிட்டது.

"வண்டிய எடு. மலைக்குப் போவோம்" என்றார் செந்தமிழ்ச்செல்வி.

கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதை ஏறும்போது மழை தூறியது. வெள்ளிமலைக்கு ஐந்தாறு கிலோமீட்டர் முன்னாலேயே வலப்பக்கம் ஒரு மண் ரோடு பிரிகிறது. இரண்டு பக்கமும் மரவள்ளி. அந்த ரோட்டின் கடைசி வீடு மணிமொழியுடையது. இவர்கள் காரைப் பார்த்ததும் போலீஸ் என்று நினைத்து அவள் அம்மா தைலம்மாள் ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். பகலவன் இறங்கி, "அழாதீங்கம்மா, என் மூஞ்சியப் பாருங்க, என்ன எந்த ஸ்டேஷன்ல சேத்துக்குவாங்க?" என்று கேட்ட பிறகுதான் அழுகை நின்றது.

மணிமொழி வாசலில் வந்து நின்றாள். இளைத்துப்போயிருந்தாள்.

"கைய நீட்டும்மா" என்றார் செந்தமிழ்ச்செல்வி.

நீட்டினாள். விரல் கணுக்களில் தோல் உரிந்து, வெடித்து, சிவந்து கிடந்தது. வேலையை விட்டுப் பத்து நாளாகியும் ஆறவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழுவுவ?"

"எண்ணினதில்லீங்க மேடம். ஒவ்வொருத்தரையும் தொடறதுக்கு முன்னாடி, தொட்டப்பறம். எரிச்சல் ஜாஸ்தியா இருந்தா தேங்கா எண்ண தடவிக்குவேன்."

"கை கழுவலன்னு எழுதின புண்ணியவான் இந்தக் கைய பாக்கவே இல்ல" என்றான் பகலவன்.

"கட்டு எப்படி மாத்துவ? ஒண்ணு விடாம சொல்லு."

"பழைய கட்ட பிரிச்சிட்டு, துணிய மஞ்ச மருந்துல நல்லா நனைச்சி, குழாய் உள்ள போற எடத்துல வெச்சிப் புடிப்பேன். குழாய் மூடிய கழட்டறதுக்கு முன்னாடி மூடிக்கும் அதே மாதிரி. ரெண்டு நிமிஷம். படிக்கறப்ப அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. கடியாரத்த பாத்துக்கினே புடிப்பேன்."

"மத்த நர்ஸுங்க?"

மணிமொழி தலையைக் குனிந்துகொண்டாள். கூட வேலை பார்த்தவர்களைப் பற்றிக் கோள் சொல்ல அவளுக்கு மனசில்லை. அது தெரிந்தும் செந்தமிழ்ச்செல்வி விடவில்லை.

"நீ ஜெயிலுக்குப் போறதும் போகாததும் இதுல இருக்கு. சொல்லு."

"ஆளு கம்மிங்க மேடம். ஒருத்தரே எட்டு பேர பாக்கணும். காஞ்ச பஞ்சுல ஒரு தொடை தொடைச்சி பிளாஸ்டர் ஒட்டிடுவாங்க. மருந்து வெக்க நேரம் எங்க இருக்குது?"

செந்தமிழ்ச்செல்வி பகலவனைத் திரும்பிப் பார்த்தார். "புரியுதா?"

"புரியுது மேடம். ஏனோதானோன்னு செஞ்சவங்க கையில ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல. ஒழுங்கா செஞ்ச பொண்ணு கையில ஆளு சாவுது. நல்லா இருக்குது நாயம்."

"நியாயத்த விடு. அவங்களுக்கும் இவளுக்கும் வித்தியாசம் என்ன?"

"மஞ்ச மருந்து..." என்றவன் உடனே சிரித்துவிட்டான். "மேடம், கிருமிய கொல்ற மருந்து மேடம் அது. போலீஸ் ஸ்டேஷன்ல போய் திருடன் குடியிருப்பானா?"

"குடியிருந்தா அங்க யாரு தேடுவாங்க?"

பகலவனின் சிரிப்பு அப்படியே நின்றது.

"இந்தக் கிருமிக்கு அந்த மாதிரி மருந்துக்குள்ளயே பிழைச்சிக் கிடக்கிற சாமர்த்தியம் உண்டு" என்றார் செந்தமிழ்ச்செல்வி. "தனியா மிதந்தா செத்துடும். ஒரு ஓரமா ஒட்டிக்கிட்டு, மேல வழவழன்னு ஒரு படலம் கட்டிக்கிட்டா மருந்து உள்ள இறங்காது. பயோஃபிலிம்னு சொல்வாங்க. அந்த அஞ்சு பேரோட குழாய்க்குள்ளயும் அதான் இருக்கு. அதனாலதான் காய்ச்சல் அடங்கி அடங்கித் திரும்ப வருது. ஆனா அப்படி உக்காந்து கூடு கட்ட அதுக்கு நாள் வேணும். தினம் கொட்டிக் கழுவுற பாத்திரத்துல நடக்காது. அங்கதான் எனக்கு இடிக்குது. மருந்துப் பாத்திரத்த யாரு கழுவாம வெச்சிருப்பாங்க?"

அதற்குள் தைலம்மாள் சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்புகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை, மகளைக் கைது செய்ய வந்திருந்தாலும் சோறு போட்டிருப்பாள். குழம்பில் ஒரு கல் உப்புக் குறைகிறது என்று பகலவன் சொல்ல, உள்ளே போய் உப்புப் பானையை எடுத்தாள். அடியில் ஒரு பிடிதான் கிடந்தது. புதுப் பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பிரித்து அதன் மேலேயே கொட்டினாள்.

"ஏம்மா, பழச எடுத்துட்டு, கழுவிட்டுக் கொட்டக் கூடாதா?"

"உப்புப் பானைய காலி பண்ணுவாங்களா சாமி? வூட்டுக்கு ஆவுமா? அடில ஒரு புடி வெச்சிதான் மேல கொட்டணும். இது எங்க மாமியா குடுத்த பான. இந்நாள் வரைக்கும் ஒரு நாளும் காலியானதில்ல."

"எங்கம்மாவும் இதேதான் சொல்லும். பானைய கழுவுனா முதுகுல ரெண்டு வெக்கும்" என்று பகலவன் சோற்றைப் பிசைந்தான்.

செந்தமிழ்ச்செல்வி பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

"மணிமொழி, அந்த மஞ்ச மருந்து எதுல வரும்?"

"ஸ்டோர் ரூம்ல பெரிய வெள்ள கேன் இருக்குதுங்க. மருந்தையும் தண்ணியையும் அதுல கலந்து வெப்பாங்க. சின்ன பாட்டில்ல புடிச்சி வார்டுக்கு அனுப்புவாங்க."

"அந்தக் கேன் காலியாகி, கழுவிக் கவுத்தி வெச்சு நீ பாத்திருக்கியா?"

மணிமொழி யோசித்தாள். நன்றாகவே யோசித்தாள்.

"இல்லீங்க மேடம்" என்றாள்.

மலை இறங்குவதற்குள் செந்தமிழ்ச்செல்வி டாக்டர் ஜீவாவுக்குப் போன் போட்டு, அந்தக் கேன் மருந்தை இனி ஒரு சொட்டுக்கூடத் தொட வேண்டாம், சீல் பிரிக்காத சின்னப் பாட்டில்களையே உபயோகியுங்கள் என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் ஆஸ்பத்திரியின் பின்கேட்டில் போய் நின்றார்கள். கேனைத் தூக்கிக்கொண்டு வந்தது கண்ணகி. இடுப்புக் குழந்தையைப் போல அணைத்துப் பிடித்திருந்தாள்.

"பாத்து புடிங்க தம்பி, சிந்திடப் போவுது. இதுல இன்னா மேடம் பாக்கப் போறீங்க? இது மேல தப்பு இருக்காது. நான் வேலைக்கு வந்து ஆறு வருஷம் ஆவுது. இந்தக் கேன் ஒரு நாளு கூட காலியானதில்ல" என்றாள். குரலில் பெருமை இருந்தது.

செந்தமிழ்ச்செல்வி கேனின் மூடியைத் திறந்தார். கையுறை மாட்டிக்கொண்டு கேனின் உள்பக்கம் விரலை விட்டுத் தடவினார். விரல் வழுக்கியது. பிறகு கேனைத் திருப்பி, அதில் ஒட்டியிருந்த லேபிளை வெகுநேரம் படித்தார். மருந்தைச் சோதனைப் புட்டியில் பிடித்துக்கொண்டு, உள்சுவரைப் பஞ்சால் துடைத்து எடுத்துக்கொண்டு, பகலவனிடம் கேனை டிக்கியில் வைக்கச் சொல்லிவிட்டு, கண்ணகியிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் காரில் வந்து உட்கார்ந்தார். மேடத்துக்கு மலை ஏறி இறங்கிய களைப்பு என்று பகலவன் நினைத்தான். முட்டாள்!

புட்டிகளைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அவன்தான். கிருமி வளர ஒன்றரை நாள் பிடித்தது. வளர்ந்ததை மெஷின் அடையாளம் காட்டுவதற்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போன் வந்தது. பகலவன்தான் எடுத்தான். கேட்டுவிட்டு ஒரு குதி குதித்தான்.

"மேடம்! அதே பேக்கரி! கேன்லயும் அதேதான், சுவத்துல தொடைச்ச பஞ்சுலயும் அதேதான். ஜீன் டெஸ்ட் வர ஒரு வாரம் ஆவுமாம், ஆனா இதுவே போதும்னு சொல்றாங்க. மணிமொழி தப்பிச்சிது! இனிமே அந்தக் கேன நெரப்புற மகராசன் யாருன்னு புடிச்சிட்டா கேஸு முடிஞ்சுது."

செந்தமிழ்ச்செல்வி ஜன்னலோரம் நின்றிருந்தார். திரும்பவில்லை.

"செவ்வாய்க்கிழமை அந்தக் கேனை யாரு தூக்கிட்டு வந்தாங்க, பகலவா?"

"கண்ணகி அக்கா. அதுக்கு இன்னா இப்ப..."

ஒரு நாளுகூட காலியானதில்ல. அந்தக் குரலும் அதில் இருந்த பெருமையும் அவன் காதில் திரும்பக் கேட்டன. பகலவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"அய்யோ" என்றான்.

"செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரியும். மெஷின் இல்லன்னு சொல்லாதான்னு ரெண்டரை நாளா காத்துக்கிட்டு இருந்தேன்."

"மேடம், சொல்ல வேணாம். ஆஸ்பத்திரில தப்பு, கேன்ல தப்புன்னு எழுதிக் குடுத்துட்டு வுட்டுடலாம். யாரு நெரப்புனதுன்னு எழுதவே வேணாம். புருஷன் போயி இன்னும் ஒரு மாசம் ஆவல மேடம்!"

"மூஞ்சிக்கு நேரா சொல்றேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"வாக்கு கெடக்குது மேடம், தூக்கி..."

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

கண்ணகி நீலப் புடவையில் வந்திருந்தாள், ஆஸ்பத்திரிச் சீருடை. பதினோரு மணி விசாரணைக்கு மணிமொழிக்குத் துணையாகப் போவதற்காகச் சீக்கிரமே கிளம்பியிருந்தாள். மேஜை மேல் வெள்ளைக் கேனைப் பார்த்தாள். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள்.

"ரிப்போர்ட்டு வந்துட்சா மேடம்?"

"வந்துடுச்சி. மணிமொழி மேல தப்பில்ல."

"எங்க குலசாமிக்குப் பொங்க வெக்கணும்" என்று கண்ணகி கையெடுத்துக் கும்பிட்டாள். கண் கலங்கிவிட்டது. "நான் சொன்னன் இல்ல? அப்ப யாரு மேடம்?"

"உக்காரு கண்ணகி. கிருமி இந்தக் கேன்ல இருந்திச்சு."

"மருந்துலயா? மருந்துல எப்பிடி மேடம் கிருமி இருக்கும்?"

"அடியில மிச்சம் கிடந்தா, அதுல ஒட்டிக்கிட்டு வளரும். புதுசா மேல ஊத்தினாலும் சாகாது. கழுவிக் காயவெச்சாதான் போகும்."

"வெளிய நான் தெனம் தொடைப்பேன் மேடம். உள்ள கழுவறதில்ல. கழுவுனா காலி பண்ண வேண்டி வருமே. ஆஸ்பத்திரிக்கு ஆவாதுன்னு, அடில நாலு வெரலு வெச்சிதான் எப்பவும் மேல ஊத்துவேன். எங்க வூட்டு உப்புப் பான கூட..."

நிறுத்திவிட்டாள்.

கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. பகலவன் தன் வாழ்நாளில் முதல் முறையாக, யாராவது எதையாவது பேசித் தொலைக்கமாட்டார்களா என்று தவித்தான்.

"அவுருக்கு..." என்றாள் கண்ணகி. "அவுருக்குக் கட்டு மாத்துறப்ப நான் பக்கத்துலயே நிப்பேன் மேடம். எம் புருஷனுக்குக் கொஞ்சம் ஜாஸ்தியா ஊத்தி வெய்யி மணின்னு நான்தான் சொல்லுவேன். அந்தப் பொண்ணும் சிரிச்சிகினு ஊத்தும்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலாம் என்று இருந்தது பகலவனுக்கு. எழுந்து போய்க் கேனைத் திருப்பினாள். லேபிளில் விரலை வைத்தாள்.

"செவ்வாக்கெழம நீங்க இத ரொம்ப நேரம் படிச்சீங்க. இன்னா எழுதியிருக்குது இதுல?"

செந்தமிழ்ச்செல்வி படித்துத் தமிழில் சொன்னார். "தண்ணியில கலந்த மருந்த ஒரு நாளைக்கு மேல வெச்சிக்கக் கூடாது. மிச்சத்து மேல புதுசா ஊத்தக் கூடாது. மிச்சத்தக் கொட்டிட்டு, கேனக் கழுவி, காயவெச்சப்பறம்தான் ஊத்தணும்."

"இதுல இங்கிலீசுல போட்டுகிறான்."

"ஆமா."

"தமிழ்ல போட்டிருந்தா படிச்சிருப்பனே மேடம். நான் எட்டாவது பாசு" என்றாள் கண்ணகி. பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "வாங்க, டைம் ஆவுது. அந்தப் பொண்ணு தனியா நிக்கும்."

விசாரணை அறையில் நீள மேஜை. நிர்வாக அதிகாரி, நர்ஸிங் சூப்பிரண்டு, கொள்முதல் அதிகாரி, இன்ஸ்பெக்டர் சிவசங்கர். மூலையில் மணிமொழி. புதுச்சேரி ரிப்போர்ட்டை செந்தமிழ்ச்செல்வி படித்து முடித்ததும் நிர்வாக அதிகாரியின் முகம் தெளிந்துவிட்டது. ஆள் மாறினால் அவருக்கு என்ன? யாரோ ஒருத்தர் மாட்டினால் சரி.

"ஆக, வார்டு பணியாளரோட கவனக்குறைவு. பேரு கண்ணகி. எழுதிக்குங்க சார்" என்றார் இன்ஸ்பெக்டரிடம்.

"எழுதிக்குங்க சார். நான்தான்" என்று கண்ணகியே எழுந்து நின்றாள். "அந்தப் பொண்ண வுட்டுடுங்க."

"கொஞ்சம் பொறுங்க" என்ற செந்தமிழ்ச்செல்வி கேனை எடுத்து நிர்வாக அதிகாரியின் முன் வைத்தார். "சார், இந்த லேபிள சத்தமா படிங்க."

"எதுக்கு?"

"படிங்க சார்" என்றார் இன்ஸ்பெக்டர்.

படித்தார். நல்ல உச்சரிப்பு. அடுத்து நர்ஸிங் சூப்பிரண்டைப் படிக்கச் சொன்னார், அந்த அம்மாளும் படித்தார். கொள்முதல் அதிகாரி நடுவில் தடுமாறினாலும் முடித்துவிட்டார்.

"ஆறு வருஷமா இது உங்க ஸ்டோர் ரூம்ல இருக்கு. உங்க மூணு பேருக்கும் இத படிக்கத் தெரியும். இங்கிலீஷ் தெரியாத ஒருத்தர்கிட்ட குடுத்துட்டு, எப்படி ஊத்தறதுன்னு ஒரு நாளும் சொல்லிக் குடுக்கல. எழுதுறதா இருந்தா படிக்கத் தெரிஞ்சவங்க பேர முதல்ல எழுதுங்க இன்ஸ்பெக்டர், கண்ணகி பேரு கடைசியில வரட்டும்."

சிவசங்கர் ஃபைலைத் திறந்து மணிமொழி என்ற பெயரைப் பேனாவால் அடித்தார். அப்புறம் நிர்வாக அதிகாரியைப் பார்த்து, "உங்க முழுப் பேரு சொல்லுங்க" என்றார்.

மணிமொழி ஓடிவந்து கண்ணகியைக் கட்டிக்கொள்ளப் போனாள். கண்ணகி ஓர் அடி பின்னால் நகர்ந்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"வேணாம்மா. என் கைய தொடாத" என்றாள்.

மணிமொழி கேட்கவில்லை. பின்னால் மறைத்த அந்தக் கைகளை இழுத்து, தோல் உரிந்த தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். பகலவன் வெளியே போய் வராண்டாவில் நின்று மூக்கைச் சிந்தினான்.

கண்ணகியைக் கருணாபுரத்தில் கொண்டுபோய் விடும் பொறுப்பு அவன் தலையில் விழுந்தது. வழியெல்லாம் ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தான். சொல்வதற்கு என்ன இருக்கிறது? இரண்டு உயிர். அதில் ஒன்று அவள் புருஷன். ஆம்புலன்ஸ் ஓட்டிய காலத்தில் எத்தனையோ வீட்டு வாசலில் பிணத்தை இறக்கியிருக்கிறான். உயிரோடு ஓர் ஆளை இறக்கிவிடுவது இத்தனை கஷ்டமாக என்றைக்கும் இருந்ததில்லை.

ஒற்றை அறை வீடு. சுவரில் மாலை காய்ந்துபோன கொளஞ்சியப்பன் போட்டோ. கண்ணகி செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அடுப்பங்கரைக்குப் போனாள். உப்புப் பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். தெருக்குழாய்க்குப் பக்கத்தில் சாக்கடையில் அதை அப்படியே கவிழ்த்தாள். உப்பு மொத்தமும் போயிற்று.

எதிர்வீட்டுக்காரி அலறிவிட்டாள். "ஏ கண்ணகி! இன்னாடி பண்ற? உப்பப் போயி யாருனா கொட்டுவாங்களா? வூடு வெளங்குமா?"

கண்ணகி குழாயைத் திறந்து பானையைக் கழுவினாள். உள்ளே கைவிட்டு, அடியை நகத்தால் சுரண்டிச் சுரண்டிக் கழுவினாள். மூன்று தடவை அலசி, வாசல்படியில் வெயிலில் கவிழ்த்து வைத்தாள்.

"கொட்டிட்டு, கழுவி, காயவெச்சப்பறம்தான் ஊத்தணுமாம்" என்றாள். "எழுதியிருக்குது."